பூவுக்கு வரி இல்லையாம்

மைசூரு,
ஆகஸ்ட் 17.

அன்புள்ள மாமாவுக்கு,

ஜோதிமணியின் வணக்கம். நானும் பிரதிபாவும் சௌக்கியம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வீர்கள், அதனால் எழுத்தில் கேட்கிறேன். உங்களோடு அறையில் இருக்கும் பரத் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். கொள்ளுப் பொடி, முறுக்கு, நீங்கள் கேட்ட வலி தைலம், கூடவே இந்தக் கடிதம், எல்லாம் அவனிடம் கொடுத்திருக்கிறேன். முறுக்கை அறையில் எல்லோருக்கும் கொடுங்கள். கடிதத்தை மட்டும் தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

இதைப் போனில் சொல்ல நினைத்து ரெண்டு தடவை வாயைத் திறந்தேன். உங்கள் பக்கத்தில் யாரோ இருமுகிறார்கள், யாரோ குக்கரைத் திறக்கிறார்கள். நீங்கள் ஒரு பக்கம் கத்த, நான் ஒரு பக்கம் அழ, விஷயம் பாதியில் நின்றுவிடும். எழுதினால் குறுக்கே பேச மாட்டீர்கள் அல்லவா.

நேராகவே சொல்லிவிடுகிறேன். வணிக வரி ஆபீசிலிருந்து உங்கள் பெயருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. நம் டீக்கடை ஸ்கேனர் வழியாக உங்கள் பேங்க் கணக்குக்கு மூன்று வருஷமாக வந்த பணத்தையெல்லாம் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு வியாபாரம் செய்பவர் ஏன் ஜிஎஸ்டி பதிவு செய்யவில்லை, விளக்கம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அந்தத் தொகையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. டீயும் பஜ்ஜியும் விற்று அவ்வளவு சம்பாதித்திருந்தால் நீங்கள் ஏன் அந்த வெயிலில் லாரி ஓட்டப் போகிறீர்கள்?

அப்புறம்தான் உறைத்தது. அதில் நம் பணம் பாதிகூட இல்லை. மஸ்கட்டுக்குக் கிளம்பும் முன் நீங்கள்தான் ஸ்கேனர் அட்டையைக் கடைக் கம்பத்தில் கட்டினீர்கள். பக்கத்தில் பூ விற்கும் சித்தம்மாவிடமும் இளநீர்க்கார சித்தையனிடமும், "உங்களுக்கு எதுக்குங்க தனியா போனு, இதுலயே வாங்கிக்கங்க" என்று பெரிய மனுஷனாகச் சொன்னீர்கள். சித்தம்மாவிடம் இருப்பது பட்டன் போன். சித்தையனுக்கு அதுவும் கிடையாது. அன்றிலிருந்து பூ வாங்குகிறவர்களும் இளநீர் குடிக்கிறவர்களும் நம் அட்டைக்கே போனைக் காட்டினார்கள். கடை சாத்தும்போது அவரவர் பணத்தை நான் ரொக்கமாக எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஒரு நாள்கூட தகராறு வந்ததில்லை. இதில் தப்பு இருக்கிறது என்று உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நம்மிடம் தினமும் டீ குடிக்க வருவாரே, கணக்குப் பார்க்கும் ஹேமந்த், அவரிடம் நோட்டீஸைக் காட்டினேன். பொறுமையாகப் படித்துவிட்டு, "பயப்படாதீங்க அக்கா, பூவுக்கு வரி இல்ல, இளநீருக்கும் இல்ல" என்றார். எனக்கு உயிர் வந்தது. உடனே அடுத்ததையும் சொன்னார். பூவுக்கு வரி இல்லாவிட்டாலும், பூ விற்ற பணம் நம் விற்பனையாகச் சேர்ந்தால் மொத்தம் அரசாங்கம் வைத்திருக்கும் அளவைத் தாண்டிவிடுமாம். தாண்டிவிட்டால் நம் டீக்கும் பஜ்ஜிக்கும் வரி உண்டு, அதுவும் பழைய வருஷங்களுக்கெல்லாம் வட்டியும் அபராதமும் சேர்த்து. தப்பிக்க ஒரே வழி, சித்தையனும் சித்தம்மாவும் இது எங்கள் பணம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

சித்தையன் மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். ஆனால் அவர் பணம் கொஞ்சம். பண்டிகை வந்தால் கூடை கூடையாக விற்பது சித்தம்மாதான்.

அவளிடம் கேட்டேன். அவள் முகம் போன போக்கை எப்படி எழுதுவேன்? அவள் மகனுக்கு ரெண்டு சிறுநீரகமும் போய்விட்டது உங்களுக்குத் தெரியும். வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ் நடக்கிறது. ஏழைகளுக்குக் கொடுக்கும் பிபிஎல் ரேஷன் கார்டு இருப்பதால் காசில்லாமல் நடக்கிறது. இவ்வளவு பணம் என் கைக்கு வந்தது என்று அவள் எழுதிக் கொடுத்தால், அந்தக் கார்டு நிற்குமா? பூ வாங்கிய காசு, பஸ் காசு, வாடிப் போய்க் கொட்டிய பூ எல்லாம் போக அவள் கையில் மிஞ்சுவது என்ன என்று எனக்குத் தெரியும். காகிதத்தில் அது தெரியாது. கார்டு போகும் என்று ஹேமந்தும் சொல்லவில்லை, போகாது என்றும் அவரால் சொல்ல முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றாள் சித்தம்மா. நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

வரமகாலட்சுமி பண்டிகைக்கு முதல் நாள், தெருவே பூவும் வாழைக்கன்றுமாக இருக்கும்போது, வரி ஆபீசிலிருந்து ஒரு அம்மா கடையைப் பார்க்க வந்தார். மரியாதையானவர். அதட்டவில்லை, மிரட்டவில்லை. டீயைக்கூடக் காசு கொடுத்துத்தான் குடித்தார். நம் பாய்லரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், பக்கத்தில் மலையாகக் குவிந்திருந்த பூவைப் பார்த்தார். இந்தப் பூ யாருடையது என்று கன்னடத்தில் கேட்டார்.

சித்தம்மா கூடைக்குப் பின்னால் எழுந்து நின்றாள். என்னுடையது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள், மாமா. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதற்குள் என் வாய், அதுதான் உங்களுக்குத் தெரியுமே, முந்திக்கொண்டது. "நம்மதே மேடம்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். அப்படியானால் மல்லிகை ஒரு மாரு கொடுங்கள், எவ்வளவு என்றார். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருக்கிறேன், அன்றைக்கு என்ன விலை என்று எனக்கு எப்படித் தெரியும்? வாயில் வந்த விலையைச் சொன்னேன். சித்தம்மா ஒரு மாதிரி இருமினாள். அளக்கவும் நானே கையை விரித்து அளந்தேன், ஒரு மாருக்கு ஒன்றரை மாரு போயிருக்கும். அந்த அம்மா காசைக் கொடுத்து, பூவைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் புரியாமலா இருக்கும்? ஆனால் நான் சொன்னதைத்தானே அவர் எழுத முடியும்.

அவர் தெருமுனை திரும்பியதும் சித்தம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி, பண்டிகை நேரத்துல இந்த வெலைக்கு வித்தா நான் நடுத்தெருவுலதான் நிக்கோணும்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் உன்னிடம் பிச்சை கேட்டேனா, யார் உன்னைச் சொல்லச் சொன்னது என்று கத்திவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்புறம் ரெண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் தானாகவே வந்து டீ வாங்கிக் குடித்தாள், சர்க்கரை கம்மி என்று குறையும் சொன்னாள். இப்போது பழையபடி இருக்கிறோம். ஸ்கேனர் அட்டையை மட்டும் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன். சில்லறை இல்லை என்று பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள். தெருவில் நிறையக் கடைகளில் இப்போது ரொக்கம்தான்.

ஹேமந்த்துக்கு என் மேல் நல்ல கோபம். கட்ட வேண்டிய தொகை, நீங்கள் தீபாவளிக்கு வந்து மெஸ் வைப்பதற்காகச் சேர்த்திருப்பதை அநேகமாகத் துடைத்துவிடும் என்றார். தவணை கேட்டுப் பார்ப்பதாகவும், அபராதத்தைக் குறைக்க மனுப் போடுவதாகவும் சொல்லியிருக்கிறார். இனிமேல் முறையாகப் பதிவு செய்து, அவரவர் கணக்கு அவரவருக்கு என்று பிரித்துவிடச் சொல்கிறார். அதைச் செய்துவிடுவோம்.

அவர் எழுதிய காகிதம் ஒன்று இதோடு இருக்கிறது. கணக்கில் வந்ததில் சித்தையனுடையது போக மீதியை நம் விற்பனையாகவே எடுத்துக்கொண்டு வரி கட்ட ஒப்புக்கொள்கிறோம் என்று அதில் எழுதியிருக்கிறது. கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால் நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும். உங்களைக் கேட்காமல் சொன்னது நான். முதுகு ஒடிய உழைத்தது நீங்கள். முடியாது என்று நீங்கள் சொன்னால் அது நியாயம்தான், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அப்படிச் செய்வதென்றால் ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்கள். சித்தம்மாவிடம் கையெழுத்து வேண்டும் என்பதை நீங்களே போனில் அவளிடம் சொல்லுங்கள். என்னால் முடியாது.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. பணம் போய்விட்டது, இன்னும் ரெண்டு வருஷம் இருந்து சம்பாதித்துக்கொண்டு வருகிறேன் என்று நீங்கள் சொல்வீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? வேண்டாம், மாமா. மெஸ் இல்லாவிட்டால் போகிறது. இந்த டீக்கடை மூன்று பேருக்குச் சோறு போடும், நான் போட வைப்பேன். வெறும் கையோடு வாருங்கள்.

பிரதிபா காலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். அப்பா தீபாவளிக்குக் கண்டிப்பாக வருவார் என்று நேற்றும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். இந்த மாதம் அரசாங்கத்திடம் ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. குழந்தையிடம் சொன்னதையும் பொய்யாக்கிவிடாதீர்கள்.

மாதேஸ்வர சாமி உங்களை நல்லபடியாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
ஜோதிமணி