களத்தில் கழற்றிய சப்பாத்து

அன்பின் அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அதனால் இதை இப்போது சொல்லலாம். போன சனிக்கிழமை, கனடாவில் நான் வேலை செய்யும் அருங்காட்சியகக் கிராமத்தில் அறுவடை விழா. பிள்ளைகளுக்குக் கோதுமை தூற்றப் பழக்குவது என் பங்கு. களத்தில் கால் வைக்குமுன் பழக்கத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். என்னைப் பார்த்து முப்பது பிள்ளைகளும் கழற்றிவிட்டார்கள். இங்கே அது பெரிய பாதுகாப்பு விதிமீறல், மேலாளர் ஓடிவந்தார்.

“சப்பாத்தோட வேலையும் கழண்டிட்டு அண்ணன்,” என்றாள் கூட வேலை செய்யும் காத்தான்குடி றஸீனா.

சாப்பிடும் தானியத்தை எங்கள் ஊரான பழுகாமத்தில் செருப்புக் காலால் மிதிப்பதில்லை என்று மேலாளருக்கு விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரும் கழற்றினார். திங்களன்று நியமனக் கடிதம் தந்தார்.

தூற்றுவதற்கு ஒரு சுளகு அனுப்பிவையுங்கள். இங்குள்ளது கைக்கு ஒத்துவரவில்லை. வட்டையில் நிற்கும்போது ஒருக்கால் அழையுங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, வயல் காற்றின் சத்தம் கேட்டால் போதும்.

பஸ் வந்துவிட்டது.

நிலோஜன்