குட்டியின் வலக்கால்

நண்பனே,

வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். கட்டுப்போட்ட மருத்துவர் என் விரல் நகத்தை அழுத்திப் பார்த்து, "இறுக்கமா இருக்கா, ஐயா?" என்றார். எளிய கேள்விதான். கண்முன் உன் குதிரைக் கொட்டில் வந்து நின்றது.

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் குதிரை வண்டி ஓட்டினாய் நீ. உன் குதிரை ஈன்ற குட்டியைக் காண ஓடிவந்தேன். முன்னங்கால்கள் இரண்டும் குளம்புக்கு மேல் மூட்டில் பின்னோக்கி மடங்கியிருந்தன. எழுந்தது, விழுந்தது, மீண்டும் எழுந்தது. குடியைக் கெடுக்கும், கொன்றுவிடு என்றனர் தெருவார். மேடைப் பேச்சாளனான நான் உன் வண்டிமேல் ஏறி நின்று முழங்கினேன்: "குறை தசைநாரில் உள்ளது, குடியில் இல்லை!" கூட்டம் கலைந்தது. நீ சிரித்தாய்: "ஏலே, மைக்கு இல்லாமலே ஊர வெரட்டிட்டியே!"

கால்நடை மருத்துவர் சொன்னபடி பஞ்சு சுற்றி, பனைமட்டைச் சிம்புகளை அணையாக வைத்து, பருத்திக் கயிற்றால் கட்டினோம். இடக்கால் உன் கட்டு. வலக்கால் என் கட்டு. மூன்றாம் நாள் குட்டி நின்றது!

வண்டிக் குதிரைகளை விடியலில் கடலில் குளிப்பாட்டுவது உங்கள் வழக்கம். தாய் இறங்கினால் குட்டியும் இறங்கும். "நனைஞ்சா கயிறு இறுகும்லே, அவுத்துருவோம்" என்றாய். பருத்தி விளையும் விளாத்திகுளத்தில் பிறந்தும் நனைந்த கயிற்றின் குணம் நான் அறியேன். பேச மட்டும் அறிவேன். அவிழ்த்தால் கால் மீண்டும் மடங்கும், உறுதி வேண்டும் என்று அரை நாழிகை பொழிந்தேன். கடலறிந்த நீ கைகட்டி நின்றாய்.

நான்கு நாள் கழித்துப் பிரித்தோம். இடக்கால் நேராகியிருந்தது. வலக்காலில் கயிறு தோலைக் கடந்து உள்ளே கிடந்தது. அதன்கீழ்க் கால் கறுத்துக் குளிர்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தபடி கேட்டேன்.

"இது எப்படி..."

நீ தலை குனிந்தாய். "என் கட்ட மட்டும் தெனமும் தளத்தி விட்டேன். ஒன் கட்டத் தொட்டா கோவிச்சுக்கிடுவியோன்னு விட்டுட்டேன்டே."

மருத்துவர் ஊசியோடு வந்தார். எல்லாம் முடிந்தபின்னும் தாயின் மடியில் பால் சொட்டிக்கொண்டிருந்தது.

உன் இரங்கற்கூட்டத்தில் நம் நட்பைப் புகழ்ந்து நெடுநேரம் பேசினேன். குட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை. அறிந்தவன் ஒருவனை என் சினத்துக்கு அஞ்ச வைத்தேனே! இன்றும் மேடையில் என் குரல் உயரும்போது, கைதட்டுவோரை விட்டுவிட்டு, கைகட்டி நிற்பவர் முகங்களைத் தேடுகிறேன். அவர்களுள் யார், எதை அறிந்து, எனக்காக வாய்மூடி நிற்கிறாரோ?