ஆரியசாலைச் சித்தி

ஆரியசாலை, திருவனந்தபுரம்
9 ஜூன் 2025

என் செல்லம் அஜிதாவுக்கு,

அம்மாவின் முத்தங்கள். ஹாஸ்டலில் கட்டில் மேலேயா கீழேயா? மேலே என்றால் ராத்திரி புரளாதே. தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. நாகர்கோவில் தண்ணீர் உன் முடிக்கு ஆகாது.

லேபில் காலைக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் பில் கவுண்டரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீயும் இந்த ஆபீஸ் முகவரிக்கே எழுது. போனில் பேசினால் வீட்டில் எல்லார் காதிலும் விழும். உங்கள் ஹாஸ்டலில் போன் தரமாட்டார்கள் என்பதும் ஒருவகையில் நல்லதுதான்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதமாகியும் இந்த வீட்டில் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று எனக்குத் தெரியவில்லை. உமாசங்கர் அங்கிள் நல்ல மாதிரி. கடைக் கணக்குகளைப் பார்த்துவிட்டு எட்டு மணிக்கு வந்தால் குரலே வெளியே கேட்காது. அவருடைய மகள் திவ்யலட்சுமிக்கு எட்டு வயது. பெற்றவள் போனபிறகு யாரிடமும் ஒட்டாமல் இருந்த பிள்ளை, இப்போது என் முந்தானையை விடுவதில்லை. சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து சாலைக் கடைத்தெருவுக்குப் போய் மளிகை வாங்கினோம். ஞாயிறு சாயங்காலம் சங்குமுகம். திவ்யா அலைக்குப் பயந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டே நின்றாள். நீயாக இருந்தால் மணலில் கால் வைக்காமல் ஏதாவது புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தேன்.

வருகிற இரண்டாம் சனி பெற்றோர் வரலாம் என்று வார்டன் சொன்னாரே, கட்டாயம் வருவேன். நேந்திரங்காய் உப்பேரியும் உன் புத்தகப் பெட்டியும் கொண்டு வருகிறேன்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா


நாகர்கோவில்
15 ஜூன் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கட்டில் கீழேதான்.

நேற்று நீ வரவில்லை. காலையிலேயே இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு கேட் பக்கத்தில் இருந்தேன். வார்டன் ரத்னாபாய் மிஸ் இரண்டு தடவை வந்து, "ஒனக்க அம்மை இன்னும் வரல்லியா பிள்ளே?" என்று கேட்டார். ரயில் லேட் என்று சொன்னேன். மத்தியானம் பக்கத்துக் கட்டில் பெண்ணின் வீட்டார் மரத்தடியில் சோறு பிரித்தார்கள். அவளுடைய அம்மா என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்து மீன் குழம்பு ஊற்றினார். நன்றாக இருந்தது. ஆனால் அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்ததால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

உனக்கு என்ன வேலை வந்தது என்று நான் கேட்கவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

பெட்டி முழுவதும் வேண்டாம். அப்பா வாங்கித் தந்த கடல் பிராணிகள் புத்தகம் மட்டும் தபாலில் அனுப்பு. ஹாஸ்டல் லைப்ரரியில் எல்லாம் பொது அறிவுப் புத்தகங்கள். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தபோது ஞாயிற்றுக்கிழமை நம்மை விழிஞ்ஞம் கூட்டிப்போவாரே, அங்கே கூடையில் கிடக்கிற மீனையும் புத்தகத்தில் இருக்கிற மீனையும் சேர்த்துப் பார்ப்போமே. அவர் இறந்ததற்கு அப்புறம் நான் அதைப் பிரிக்கவே இல்லை. இப்போது பிரிக்கலாம் என்று தோன்றுகிறது.

அடுத்த இரண்டாம் சனி ஜூலை பன்னிரண்டு.

உன் மகள்
அஜிதா


ஆரியசாலை
25 ஆகஸ்ட் 2025

என் தங்கமே,

மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை என்று எழுதியிருந்தாய். கோபப்படாதே கண்ணு. ஜூலையில் திவ்யாவின் டான்ஸ் அரங்கேற்றம். ஆகஸ்டில் வருவதாகத்தான் இருந்தேன், அந்தச் சனிக்கிழமை அவர் வேளிக்குப் படகு ஏறப் போகலாம் என்று சொல்லிவிட்டார். வாரத்தில் ஒருநாள் வாயைத் திறந்து ஒன்று கேட்கிற மனுஷனிடம் எப்படி மாட்டேன் என்பது?

புத்தகம் அனுப்பவில்லை, அதற்கும் காரணம் இருக்கிறது. பெட்டியைத் திறந்தபோது திவ்யா அந்தத் திமிங்கலப் படத்தைப் பார்த்துவிட்டாள். இப்போது அது இல்லாமல் தூங்குவதில்லை. பள்ளிக்கூடத்தில் மலையாளம் மட்டும்தான், தமிழ் எழுத்து தெரியாது, அதனால் ராத்திரி நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். முதல் பக்கத்தில் உன் பெயருக்கு மேல் லேபிள் ஒட்டித் தன் பெயரை எழுதிக்கொண்டாள். சின்னப் பிள்ளை. நீ ஒன்பதாம் வகுப்பு, உனக்கு எதற்குப் படப்புத்தகம்?

இனி ஒரு முக்கியமான விஷயம். வாசித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு.

காலாண்டு லீவுக்கு நீ இங்கே வரலாம். ஆனால் வீட்டில் என்னைச் சித்தி என்று கூப்பிட வேண்டும். இவருடைய அம்மா பொன்னம்மை மாமி, பிள்ளை உள்ள விதவை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தாராம். இவர், எனக்குப் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. நீ என் அக்கா மகள், அக்கா இறந்துவிட்டாள், படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு அக்காவே கிடையாதே என்று நீ சிரிப்பாய். மாமிக்கு அது தெரியாது.

இவரைச் சித்தப்பா என்று சொல். என்னை நீ, வா, போ என்று பேசாதே. சித்தியை யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். கொஞ்ச நாள்தான். மாமியின் மனசு இளகியதும் நானே சொல்லிவிடுவேன். வாடகை வீட்டில் நீயும் நானும் மட்டும் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்த இரண்டு வருஷத்தை நினைத்துப் பார். எனக்கு அங்கே திரும்பிப் போகத் தெம்பு இல்லை.

அன்பு முத்தங்களுடன்
அம்மா


நாகர்கோவில்
6 அக்டோபர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்தது.

வீட்டில் எல்லாரும் என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். பொன்னம்மை மாமி முதல்நாளே, "தள்ள இல்லாத்த குட்டியாக்கும், வயறு நெறய இட்டு குடு கௌசல்யா" என்று சொல்லி எனக்கு இரண்டாவது தோசை போடவைத்தார். தாய் இல்லாத பிள்ளை என்று அவர் சொல்லும்போது நீ தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் நல்லவர் அம்மா. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எனக்குத் தலை பின்னிவிட்டார். என் அம்மா எப்படி இறந்தாள் என்று கேட்டார். காய்ச்சல் என்று சொன்னேன். நீ சொல்லித் தராததால் வாயில் வந்ததைச் சொன்னேன்.

சரஸ்வதி பூஜைக்கு எல்லாரும் புத்தகம் வைத்தார்கள். திவ்யா அந்தக் கடல் புத்தகத்தை வைத்தாள். நானும் கும்பிட்டேன்.

மிருகக்காட்சிசாலையில் நடந்ததற்கு நீ இன்னும் கோபமாக இருக்கிறாயோ என்று நினைக்கிறேன். நான் வேண்டுமென்று செய்யவில்லை. நீர்யானைப் பக்கம் கூட்டத்தில் யாரோ இடித்து விழுந்துவிட்டேன். முட்டி தேய்ந்து ரத்தம் வந்ததும் தானாக அம்மா என்று வந்துவிட்டது. நீ பத்தடி முன்னால் திவ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாய். உன் தோள் அசைந்தது, உனக்குக் கேட்டது என்று தெரியும். நீ திரும்பவில்லை. மாமிதான் திரும்பி வந்து தூக்கிவிட்டார். "விழுந்தா எல்லாரும் அம்மேன்னுதான் விளிப்பாங்க மக்கா" என்றார். அதனால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. நீ பயப்பட வேண்டாம்.

கிளம்புகிற அன்று சமையலறையில் யாரும் இல்லாதபோது என் கன்னத்தைப் பிடித்தாயே, அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அரையாண்டு லீவுக்கு வரும்போது இன்னும் கவனமாக இருப்பேன். வரலாம்தானே?

உன் மகள்
அஜிதா


ஆரியசாலை
17 நவம்பர் 2025

அன்பு அஜிதா,

உன் கடிதத்தை ஆபீஸ் கழிப்பறையில் வைத்துப் படித்தேன். இனி இப்படி எல்லாவற்றையும் விவரமாக எழுதாதே. கவர் கை தவறினால் என்ன ஆகும் என்று யோசித்தாயா?

கோபம் இல்லை. ஆனால் நீ கவனமாக இருந்திருக்க வேண்டும். பதின்மூன்று வயதுப் பெண் முட்டி தேய்ந்ததற்கு அப்படியா கத்துவது? அன்று ராத்திரி இவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். இரண்டுநாள் கழித்து, "அவள இனி இங்க கூப்பிடாத. நமக்கு ரெண்டு பேருக்கும் நிம்மதி வேணும்" என்றார். நானும் யோசித்துப் பார்த்தேன். நீ இருந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பது உண்மை. உன் முகத்தைப் பார்த்தாலே யாரோ என்னைப் பிடிக்க வருகிற மாதிரி இருக்கிறது.

ஒரு நல்ல செய்தி. எனக்கு மூன்று மாதம். மாமி கோயிலுக்குப் போய் வழிபாடு கழித்துவிட்டு வந்து என் நெற்றியில் சந்தனம் வைத்தார். "தலைப்பிள்ளையாக்கும், சூட்சிக்கணும்" என்று சொல்லி, ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம், கனமாக எதையும் தூக்கவிடுவதில்லை. முதல் பிரசவத்துக்கு உள்ள சடங்கு எல்லாம் செய்யப் போகிறார்களாம். உன்னைச் சுமந்தபோது இதெல்லாம் எனக்கு யார் செய்தார்கள்? கேட்கவே ஆசையாக இருக்கிறது.

அதனால் அரையாண்டு லீவுக்கு நீ ஹாஸ்டலிலேயே இரு. ரத்னாபாய் மிஸ்ஸிடம் சொல்லிவிடு. படிக்க நேரம் கிடைக்கும் அல்லவா?

போன ஞாயிறு தம்பானூரில் சுருள் மாதிரி மேலே ஏறிப் போகிற காப்பிக் கடையில் காப்பி குடித்தோம். திவ்யா மேலே வரை ஓடினாள். உனக்கும் அந்த இடம் பிடிக்கும்.

அம்மா


விழிஞ்ஞம்
4 ஜனவரி 2026

அம்மாவுக்கு,

நான் இப்போது ஜெயஷீலா அத்தை வீட்டில் இருக்கிறேன். அப்பாவின் அக்காவாக இருந்தும் உங்கள் கல்யாணத்துக்குக் கூப்பிடாத அதே அத்தை. உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

ஹாஸ்டலில் எல்லாரும் லீவுக்குப் போனபின் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. காய்ச்சல் கூடியதும் ரத்னாபாய் மிஸ் உங்கள் நம்பருக்குப் போன் போட்டார். என் கட்டிலில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டார், நான் உங்களோடு பேசலாம் என்பதற்காக. மாமிதான் எடுத்தார்.

"அஜிதாக்க அம்மைகிட்ட குடுங்க" என்றார் மிஸ்.

"அவளுக்க அம்மை செத்துப் போச்சே. இது சித்தி வீடாக்கும்" என்றார் மாமி. பிறகு உங்களைக் கூப்பிட்டு, "ஒனக்க அக்கா மகளுக்கு சொகமில்லையாம்" என்றார்.

உங்கள் குரல் கேட்டது. "அவ அப்பா வீட்டு ஆளுகள விளிக்கச் சொல்லுங்க மாமி. நான் இப்ப பஸ் ஏறப்படாதுல்லா."

மிஸ் போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வாயத் தொறந்து கொஞ்சம் கஞ்சி குடி மக்கா" என்றார். அப்புறம் நீங்கள் ரகசியமாகக் கூப்பிடுவீர்கள் என்று மூன்றுநாள் பார்த்தேன். மிஸ்ஸின் நம்பர் உங்கள் போனில் விழுந்திருக்குமே.

மிஸ் போன் போட்டதும் அத்தை தையல் கடையைப் பூட்டிவிட்டு அன்றைக்கே வந்து என்னை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இப்போது எழுந்து நடக்கிறேன். இனி ஹாஸ்டல் வேண்டாம், தன்னோடு இருக்கலாம், இங்கே தமிழ் உள்ள பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன் என்கிறார். நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் நான் இருக்கமாட்டேன். ஹாஸ்டலுக்கே போகிறேன். அங்கே இருந்தால் நீங்கள் என்றைக்காவது வருவீர்கள், இங்கே வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

வருகிற சனிக்கிழமை நீங்கள் மளிகை வாங்கச் சாலைக்கு வருவீர்கள் அல்லவா? நீங்கள் வழக்கமாக வாங்கும் பலசரக்குக் கடை எதிரே பத்து மணியிலிருந்து அத்தையோடு நிற்பேன். யார் கூட இருந்தாலும் பரவாயில்லை. நான் சித்தி என்றுதான் கூப்பிடுவேன். நீங்கள் பக்கத்தில் வந்து, ஹாஸ்டலுக்குப் போ என்றோ, அத்தையோடு இரு என்றோ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அஜிதா


ஆரியசாலை
12 ஜனவரி 2026

அன்புள்ள அஜிதாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே கிடைத்தது. வாசித்து முடித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஜெயஷீலா மைனிக்குப் பெரிய மனசு. என்னை அவருக்குப் பிடிக்காது என்றாலும் தம்பி பிள்ளையைக் கைவிடமாட்டார் என்று எனக்குத் தெரியும். நீ அங்கேயே இரு. பள்ளிக்கூடம் மாற்ற என் கையெழுத்து வேண்டும் என்றால் காகிதத்தை இந்த வாரமே யாரிடமாவது லேபுக்குக் கொடுத்தனுப்பச் சொல், உடனே போட்டுத் தருகிறேன்.

சனிக்கிழமை நான் வந்திருந்தேன். நீ பச்சைச் சுடிதாரில் சாக்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றதைப் பார்த்தேன். ரொம்ப மெலிந்துவிட்டாய். உயரமும் கூடியிருக்கிறது. உன் அப்பாவைப் போலவே ஒரு காலைச் சாய்த்து நிற்கிறாய். மாமியும் திவ்யாவும் கூட இருந்தார்கள். திவ்யா உன்னைப் பார்த்தால் ஓடி வந்துவிடுவாள் என்று அவளை முன்னால் தள்ளிக்கொண்டு கடைக்குள் போய், கிடங்கு வழியாகப் பின்தெருவுக்கு இறங்கிவிட்டோம். திரும்பிப் போகும்போது ஆட்டோ அந்த வழியாகத்தான் வந்தது. மணி ஒன்று இருக்கும். நீ அப்போதும் நின்றுகொண்டிருந்தாய். காமாலை வந்த உடம்பு, இப்படி வெயிலில் நிற்கலாமா? மைனியாவது சொல்லக்கூடாதா?

டாக்டர் என்னை ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார். இந்த வாரத்தோடு வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன். அதனால் இந்த முகவரிக்கு இனி எழுதாதே, வேறு யாராவது பிரித்துவிடுவார்கள். வீட்டுக்கும் வேண்டாம். நம்பரையும் மாற்றப் போகிறேன், இவர் சிம் வாங்கி வைத்துவிட்டார்.

மைனிக்கு ஒத்தாசையாக இரு. புளியும் எண்ணெயும் மூன்று மாதத்துக்குத் தொடாதே. நன்றாகப் படி.

புதுப் பள்ளிக்கூடத்தில் அம்மா எங்கே என்று கேட்பார்கள். நீ மாமியிடம் காய்ச்சல் என்று சொன்னாயே, அதையே அங்கேயும் சொல்லிவிடு. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் உனக்கும் சிரமம் இல்லை.

நலமாக இரு.

அன்புடன்
கௌசல்யா