கூரையில் ஏறிய வெள்ளை லைட்

பங்குனி, செவ்வாய் இரவு.

மச்சினன் சேகரை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது. விடியுமுன் உப்பளத்துக்குப் போகிற ஜீப்புக்கு, பம்பருக்குக் கீழே மஞ்சள் லைட் இரண்டு போதும் என்றுதான் சொன்னேன். அவன் கூரை மேல் நீளமாக வெள்ளை எல்இடி மாட்டிவிட்டான். "மஞ்சள்லாம் லாரிக்குப் போடுறது மாமா. இதுக்கு மரக்காணமே திரும்பிப் பாக்கும்" என்றான்.

இன்று காலை இருட்டோடு வரப்பில் போகும்போது அதைப் போட்டேன். இரண்டு பக்கமும் பாத்தியில் விளைந்து கிடந்த உப்பு அத்தனை வெளிச்சத்தையும் என் கண்ணிலேயே திருப்பி அடித்தது. வரப்பே தெரியவில்லை. முன்சக்கரம் பாத்திக்குள் இறங்கி, இன்றைக்கு வார வேண்டிய உப்பு சேறானது.

"அணைங்கண்ணே, எங்களுக்கும் கண்ணு தெரியல!" என்று உப்பு வாரும் கனகம் கத்தினாள். சேகர் வைத்த சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தும் லைட் அணையவில்லை. அவளே ஏறி லைட் மேல் சாக்கைப் போட்டு மூடினாள். அதற்குப் பிறகுதான் வரப்பு கண்ணுக்குத் தெரிந்தது.

ஜீப்பை இழுக்கக் கயிறோடு வந்த சேகர், முதலில் சாக்கைத் தூக்கிப் பார்த்தான். "சேத்துல எறங்கியும் எப்படி எரியுது பாத்தீங்களா மாமா?" என்று பல்லைக் காட்டினான்.

அந்தச் சாக்கு அங்கேயே கிடக்கட்டும். நாளைக்கு இன்னொரு சாக்கு எடுத்துப் போக வேண்டும், அவன் வாய்க்கு.