அரை நொடி

அப்பா,

போனில் கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பாராட்டு விழாவுக்காகப் பழைய காட்சிகளை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். சினிமாவில் திருடன், போலீஸ், போலி டாக்டர். சீரியலில் மாமியாருக்குப் பயந்த மருமகன். எந்த வேஷமானாலும், எதிரில் இருப்பவர் பேசி முடித்ததும் அரை நொடி விழித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறீர்கள். ஊரே சிரிப்பது அந்த இடத்தில்தான். ஆனால் படப்பிடிப்பில் உங்கள் பக்கத்தில் வெடி வெடித்ததே, அதற்கு முந்தைய படங்களில் அந்த அரை நொடி இல்லை. ஏன்?

அம்மாவிடம் கேட்டேன். "கூப்பிட்டா காதுலயே விழாத மாதிரி நடிப்பாரு. வீட்டுலயும் அதே காமெடிதான்டா" என்றாள்.

நடிப்பில்லை. அந்த வெடிக்குப் பிறகு, முதுகைக் காட்டிப் பேசும் யாருக்கும் நீங்கள் பதில் சொன்னதாக ஒரு காட்சிகூட இல்லை. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறீர்கள். காது மெஷின் வைத்தால் அந்த அரை நொடி போய்விடும் என்று பயமா? இத்தனை வேஷம் போட்டவருக்கு, கேட்டும் கேட்காதவராக நடிக்க வராதா?

சனிக்கிழமை காலை காரோடு வருகிறேன். டாக்டரிடம் போகிறோம். கிளம்பி இருங்கள்.

நேற்று அங்கே வந்திருந்தபோது என் மகள் முதன்முதலாக "தாத்தா" என்றாள். உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, இரண்டு தடவை கூப்பிட்டாள். நீங்கள் திரும்பவில்லை.

அவள் சிரிக்கவில்லை, அப்பா.

உங்கள் மகன்