அறுபத்து மூன்று படிகளும் மூன்று சைக்கிள்களும்

ஜூலை 18, திங்கள்

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் வெயில். முன் அறையில் நான் சாய்ந்திருக்கும் பெரிய கதிரையைப் பின்னுக்கு மாற்றியாயிற்று. அந்த இடத்தில் இப்போது மூன்று சைக்கிள்.

1. என்னுடையது. கறுப்பு. தெல்தோட்டையில் படிப்பித்த காலத்தில் வாங்கியது. முன் டயர் வழுக்கை.
2. நவாஸுடையது. நீலம், புதிது. டவுனில் புடவைக் கடையில் வேலை. டீசல் இல்லை, பஸ் இல்லை என்றானதும் மனைவியின் காப்பை விற்று வாங்கினார்.
3. குமரனுடையது. பச்சை. தபால் கந்தோரில் வேலை, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மேலே ஓர் அறையில் வாடகைக்கு.

இருவரும் மேட்டில். எங்கள் வாசலில் இருந்து அறுபத்து மூன்று படி ஏறவேண்டும். ரோட்டோரம் இருப்பது என் வீடு மட்டும். ஆகவே மேட்டு வீட்டுச் சாமான் எதுவானாலும், காஸ் சிலிண்டர், சீமெந்து மூட்டை, முதலில் இங்கேதான் இறங்கும். நெடுநாள் பழக்கம். யாரும் கேட்பதில்லை, நானும் மறுத்ததில்லை.

ஆனால் சீமெந்து மூட்டையை யாரும் ஓட்டிக்கொண்டு போக மாட்டார்கள். சைக்கிள் அப்படியில்லை.

கீழ் வளைவில் ஒரு வீட்டில் கேட்டோடு கட்டியிருந்த சைக்கிள் பட்டப்பகலில் போய்விட்டது. மரக்கறிக் கடையில் பேச்சு: "மொதல்ல அடையாளம் வச்சிட்டுப் போறானுங்க. செவப்புப் பொட்டு. அடுத்த நாளே தூக்கிருவானுங்க."

பழைய இரும்பு வாங்குகிறவர் இன்று இரண்டு முறை வந்தார். போன மாதம் ஒரு முறைகூட வரவில்லை.

ஜூலை 19, செவ்வாய்

வானம் மப்பு. முழங்கால் வலி.

பழைய கொப்பி ஒன்றில் கோடு கிழித்து இடாப்பு தயார். திகதி, எடுத்த நேரம், வைத்த நேரம், கையொப்பம். குமரன் பார்த்துச் சிரித்தார்.

"சேர், சைக்கிளுக்கும் இடாப்புக் கூப்பிடப் போறியளோ?"

"கூப்பிட்டா அது பதில் சொல்லாது. நீங்க கையொப்பம் வைங்க."

"ஓம், வைக்கிறன். மெடிக்கல் லீவு தருவியளோ?"

கெட்டிக்காரப் பிள்ளை. ஆனாலும் அவருடைய பின் டயரில் நூல் தெரிகிறது. கடைகளில் டயர் கிடையாது. பக்கத்தில் நிற்பதோ நவாஸின் புது டயர், அதே அளவு. சும்மா எழுதிவைக்கிறேன்.

யன்னல் கொக்கி இரண்டு மாற்றினேன். மனைவி புஷ்பத்துக்குக் கோபம். "காத்து வராம நாம செத்துப்போவோம், சைக்கிள் பத்திரமா இருக்கும்."

ஜூலை 20, புதன்

ஒரு யோசனை. டயரில் ஒரு வெண்கட்டிக் கோடு, அதற்கு நேரே தரையில் ஒரு கோடு. சக்கரம் நகர்ந்தால் இரண்டும் சேராது. உதாரணம்: அந்தக் காலத்தில் கரும்பலகைத் துடைப்பானைச் சுற்றி மேசையில் கோடு போட்டு வைப்பேன். யார் தொட்டாலும் தெரியும்.

மூன்றுக்கும் போட்டேன். யாருக்கும் சொல்லவில்லை.

பின்னேரம் என் சைக்கிளின் கோடு நான்கு விரல்கடை விலகி இருந்தது. சுற்றிப் பார்த்தேன். கதவு பூட்டு, யன்னல் கொக்கி எல்லாம் சரி. பு. குசினியில் இருந்து, "கூட்டும்போது நான்தான் நகத்தினேன். தரையெல்லாம் என்னத்துக்கு வெண்கட்டி?"

சரி. ஆனால் மற்ற நாளெல்லாம் அவள் நகர்த்தியதாக ஏன் சொல்லவில்லை?

ஜூலை 21, வியாழன்

நல்ல மழை. நவாஸ் வேலையால் வந்து சைக்கிளை வைத்துவிட்டு மேலே போனார். நான் குந்தியிருந்து அவருடைய சக்கரத்தை மெதுவாகத் திருப்பிக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். குடையை எடுக்கத் திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சேர், என்ன செய்ற?"

"ஒண்ணுமில்ல. காத்து இருக்கான்னு பாக்கிறேன்."

"காத்து நல்லா ஈக்கு சேர். நான் காலையிலதான் அடிச்ச."

குடையை எடுத்துக்கொண்டு போனார். வெண்கட்டியை உள்ளங்கையில் மறைத்துவிட்டேன். ஏன் மறைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜூலை 24, ஞாயிறு

மழை இல்லை. கோப்பித் தூள் முடிந்தது. மூன்று சைக்கிளும் வீட்டில்.

எண்ணெய் போடலாம் என்று பார்த்தால் நவாஸின் சைக்கிளில் சிவப்புப் பொட்டு! மிளகளவு. முன் டயரில் ஒன்று, பின் டயரில் ஒன்று, இரண்டு றிம்மிலும், இரண்டு மிதியிலும், இரண்டு பிரேக்கிலும், இருக்கைக்குக் கீழே. எண்ணினேன், ஒன்பது. என்னுடையதில் இல்லை. குமரனுடையதிலும் இல்லை. எது புதியது என்று தெரிந்தவன்தான் வைத்திருக்கிறான்.

கடைக்கு வெளியே நிற்கும்போது வைத்திருக்கலாம். அல்லது இங்கேயே. இந்த அறைக்குள் வந்துபோகிறவர்கள்: நான், பு., நவாஸ், குமரன். குமரனின் பின் டயரை இன்னொரு முறை பார்த்தேன்.

இருந்த மண்ணெண்ணெயில் கொஞ்சம் எடுத்துத் துணியால் தேய்த்தேன். பிடிவாதமான சாயம். பிளேடால் சுரண்டி, மறுபடி தேய்த்து, இரண்டு மணி நேரம். கடைசிப் பொட்டும் போயிற்று.

பு.: "அடுப்புக்கு இல்லாத மண்ணெண்ணெய் சைக்கிளுக்கா?"

அவளுக்கு விளக்கினேன். ஒரு மனிதர் காப்பை விற்று வாங்கியது. என்னை நம்பி வைத்திருக்கிறார். நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 25, திங்கள்

நவாஸ் ஆறரைக்கு வந்தார். வழக்கமாக எடுத்த எடுப்பில் போவார். இன்று குனிந்தார். முன் சக்கரத்தை ஒரு சுற்று, பின் சக்கரத்தை ஒரு சுற்று. இருக்கைக்குக் கீழே விரலால் தடவினார்.

"இதில ஒரு அடையாளம் இருந்திச்சே சேர்."

பெருமையாகச் சொன்னேன்: "செவப்புப் பொட்டுத்தானே? நேத்தே கண்டுபிடிச்சிட்டேன். ஒன்பது இடம். எல்லாத்தையும் தொடைச்சாச்சு."

"ஒம்பதும் தொடச்சிட்டீங்களா?"

"ஒண்ணு மிச்சமில்ல. இனிப் பயமில்லாம போங்க."

நன்றி சொல்வார் என்று நின்றேன். அவர் நகத்தால் டயரை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். "சரி சேர்" என்றார். இடாப்பில் கையொப்பம் வைக்கவில்லை.

ஜூலை 26, செவ்வாய்

மாலை தூறல். நவாஸ் சைக்கிளோடு வந்தார், வாசலுக்குத் திரும்பவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு படியேறினார்.

"ஏன் நவாஸ்? உள்ள வைங்களேன்."

"பாரமில்ல சேர். உங்களுக்கு ஏன் கரைச்சல்."

பத்துப் படிக்கு ஒரு தரம் நின்றார். நான் மேலே பார்த்துக்கொண்டே நின்றேன். குமரன் பக்கத்தில் வந்து, "நவாஸ் நானாவோட ஏதும் பிரச்சினையோ சேர்?"

"ஒண்ணுமில்லையே. நீங்களும் எடுத்துட்டுப் போறீங்களா?"

"சீ, உந்தப் படியில தூக்க என்னால ஏலாது. எனக்கு சேரை விட்டா ஆர் இருக்கினம்?"

யாரோ நவாஸிடம் என்னவோ சொல்லியிருக்கிறார்கள். யார்?

ஜூலை 27, புதன்

பு. கூட்டுறவுக் கடை வரிசையில் மூன்று மணி நேரம். பக்கத்தில் நவாஸின் மனைவி பரீதா. வந்ததும் பையைக்கூட வைக்காமல்:

"பொட்டு வச்சது நவாஸ்தானாம். மகள் நகத்துக்குப் போடுற கியூடெக்ஸ்."

"தன் சைக்கிளுக்குத் தானே வைப்பாரா?"

"நீங்க அதுக்குப் பக்கத்துல குந்தி சக்கரத்த திருப்பிக்கிட்டு இருந்தீங்களாம். உங்க டயர் வேற வழுக்கை. யாரும் சாமான மாத்திட்டா தெரியணும்னு வச்சாராம். பொட்டு இல்லாத டயர்னா அது அவரோடது இல்ல."

"யாரும்னா?"

"வேற யாரு இருக்கா இந்த வீட்டில? நானா கழட்டப் போறேன்?"

எனக்கு வெற்றிலை வாங்கவில்லை. மறந்துவிட்டாளாம்.

ஒன்பதையும் நானே துடைத்தேன். துடைத்ததையும் நானே சொன்னேன்.

முப்பது வருடம் பரீட்சை மண்டபங்களில் நின்றிருக்கிறேன். யார் கை எங்கே போகிறது, யார் கண் எங்கே போகிறது, எல்லாம் பார்த்தேன். மேசையில் இருந்த பிள்ளைகள் என்னைப் பார்ப்பதாக ஒருநாளும் நினைத்ததில்லை.

இந்த ஒழுங்கையில் என்னைப் பற்றி ஒரு சொல் வந்தது கிடையாது. இப்போது கூட்டுறவுக் கடை வரிசை வரை போயிருக்கிறது.

ஜூலை 28, வியாழன்

வெயில். படியேறினேன். நாற்பதாவது படியில் இருந்து இளைத்தேன். நவாஸுக்கு இன்று லீவு. சைக்கிள் அவர்கள் வீட்டு நடையை அடைத்துக்கொண்டு நின்றது. பரீதா ஒருக்களித்துத்தான் போய் வந்தார்.

நவாஸ் உட்காரச் சொன்னார். உட்காராமலே சொன்னேன்.

"அன்னைக்கு நான் காத்துப் பாக்கல நவாஸ். கோடு போட்டேன். வெண்கட்டியால. உங்க சைக்கிளுக்கு, குமரன்ட சைக்கிளுக்கு, என்னோடதுக்கும். யாராவது எடுக்கிறாங்களான்னு பாக்க."

"எங்களையா சேர் சந்தேகப்பட்ட?"

"உங்கள இல்ல. ... குமரனை. எல்லாரையும்."

உள்ளே கோப்பைச் சத்தம் நின்றது.

"பொட்டு திருடன் வச்சதுன்னு நெனச்சேன். மரக்கறிக் கடையில அப்படிச் சொன்னாங்க."

நவாஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்த டயர் போனா நான் வேலைக்குப் போக ஏலா சேர். அதுதான் நான் பொட்டு வெச்ச. நீங்க எடுப்பீங்கன்னு நான் செல்லல்ல."

"சொல்லல. நெனச்சீங்க."

ஆமென்று தலையாட்டினார். "ஓ" என்றார்.

அந்த "ஓ" வலித்தது. ஆனால் பொய் சொல்லியிருந்தால் இதைவிட வலித்திருக்கும். வெறும் தேநீர் தந்தார்கள். குடித்தேன். டயரைப் பார்த்தீர்களா, உங்களுடையதுதானா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. சைக்கிளைக் கீழே கொண்டுவருவதாக அவரும் சொல்லவில்லை.

இறங்கும்போது குமரன் எதிரே. "என்ன சேர், மேல வரைக்கும்?" அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அவருக்கும் சொல்லவேண்டும்.

ஜூலை 30, சனி

விடியற்காலையில் பெருமழை, ஆறு மணிக்கு ஓய்ந்தது. படியெல்லாம் பாசி. பல் விளக்கிக்கொண்டிருந்தபோது தடதடவென்று சத்தம். ஓடினேன். நவாஸ் இருபதாவது படியளவில் உட்கார்ந்திருந்தார். முழங்கை சிராய்ப்பு. சைக்கிள் குரோட்டன் வேலியில் சொருகியிருந்தது. மட்காட் நெளிந்திருந்தது, வேறொன்றுமில்லை.

அவர் கையைப் பார்க்கவில்லை, டயரைப் பார்த்தார்.

"நான் பின்னால பிடிக்கிறேன்" என்றேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். முன்னால் அவர், பின்னால் நான். ரோட்டில் இறக்கினோம். ஏறி வேலைக்குப் போய்விட்டார்.

இடாப்பைக் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று. குமரனிடம் கோட்டைப் பற்றிச் சொன்னேன். "எனக்கு முதலே தெரியும் சேர், நான் ஒவ்வொரு நாளும் கோட்டுக்கு நேராத்தான் நிப்பாட்டினனான்" என்றார். நான் இன்னும் அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மாலை ஐந்தரை. வாசலில் ஒரு குரல், ஒரே ஒரு தரம்: "சேர்."

செருப்பைப் போட்டுக்கொண்டு போய், நவாஸின் சைக்கிளைப் பின்னால் பிடித்தேன். அறுபத்து மூன்று படி, நடுவில் இரண்டு முறை நின்றோம், இரண்டு முறையும் எனக்காக. மேலே போனதும் நடையில் நிறுத்தி, என் கண்முன்னாலேயே யன்னல் கம்பியோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பையைத் தட்டிப் பார்த்தார்.

பிறகு சொன்னார்: "நாளைக்கு ஞாயிறு. திங்கக்கிழம ஆறேகாலுக்கு வருவீங்களா சேர்?"