ஆட்டைத் திருப்பிக் கேட்ட நாத்தனாருக்கு

உனக்குக் கடிதம் என்றால் முதலில் பிள்ளைகளின் சேதியைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மீதியைப் படிக்க மாட்டாய். பெரிய பேரனுக்குக் கண்டியில் பாங்கில் வேலை. டை கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறான். இரண்டாமவன் பிலிமத்தலாவையில் சொந்தமாகக் கடை போட்டுவிட்டான். சின்னவன் ஸ்கொலர்ஷிப் பாஸ். நான் படிப்பை நிறுத்திய அதே ஐந்தாம் வகுப்பில் அவன் மாலை போட்டுக்கொண்டு நிற்கிறான். பேத்தி டீச்சர் ஆகிவிட்டாள், அதுவும் கணக்கு டீச்சர். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்தப் பேத்திக்காகத்தான் நேற்றுக் காலை சட்டியில் கல்லுப்பு வறுத்தேன். உப்பு படபடவென்று வெடித்து அந்தச் சூட்டு வாசம் எழுந்ததும், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நீ வந்து என் அடுப்படியில் நின்றுவிட்டாய்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. போரில் பாதை மூடிக் கிடந்ததால் கிளிநொச்சிக்கு வந்து உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீ நெஞ்சுவலியில் போன செய்தியே பல கை மாறித்தான் எங்களிடம் வந்தது. நேரில் பேச வேண்டியதை இப்படித்தான் பேசுகிறேன்.

மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒவ்வொரு மாதமும் விலக்கு நாளில், வறுத்து முடிந்த உப்பு மூட்டையை வயிற்றில் வைத்துக்கொண்டு நீ சுருண்டு கிடப்பாய். கங்காணி அரைப்பேர் போட்டுச் சம்பளத்தைப் பாதியாக்குவான். உன் மாமியார் வாசலில் நின்று, "நாங்கள்லாம் பொம்பள இல்லியா? இவளுக்கு மட்டும் தங்கத்துல வயிறு" என்பாள். கல்யாணமாகி அத்தனை வருடம் பிள்ளையும் இல்லை என்பதால், நீ எதிர்த்துப் பேச மாட்டாய். இனக்கலவரத்தில் உன் அண்ணன் வேலை பார்த்த வத்தேகமக் கடை எரிந்து, நாங்கள் உன் ஒற்றை அறை லயக் காம்பிராவில் வந்து ஒட்டிக்கொண்டிருந்த நாட்களில்தான் அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஊர் கொஞ்சம் அடங்கியதும் உன்னைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "கூட்டிட்டுப் போறீங்களா, அடிச்சிட்டுப் போறீங்களா மதினி?" என்று பஸ் முழுக்க முனகிக்கொண்டே வந்தாய்.

வயிற்றில் சின்னத் துளை போட்டு உள்ளே பார்த்த சிங்கள டாக்டரம்மா, நோயின் பெயரைச் சொல்லிவிட்டு, "ஸ்டேஜ் நாலு" என்றார். பெயர் நம் இருவர் வாயிலும் நுழையவில்லை. நாலு மட்டும் நுழைந்தது. பக்கத்து லயத்துப் பெரியவருக்குப் புற்றுநோய் நாலாவது ஸ்டேஜ் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிய கொஞ்ச நாளில் அவரைத் தூக்கினோமே, அந்த நாலு. டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு பேரும் பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தோம்.

அந்த வாரமே நீ சாமான்களைப் பங்கு வைத்தாய். என் மகளுக்கு உன் கல்யாணச் சேலை. எனக்கு வெள்ளாடு. "கெடாவா இருந்தா பொங்கிப் போட்டுருவீங்க, பெட்டைன்னுதான் ஒங்ககிட்ட விடுறேன். குட்டி போட்டா என் பேர வைங்க" என்றாய். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விம்மினேன். ஆடு என் முந்தானையைத் தின்றுகொண்டிருந்தது.

அடுத்த கிளினிக்கில் நம் முகத்தைப் பார்த்த யாழ்ப்பாணத்து நர்ஸ்தான் விசயத்தைக் கறந்தாள். "ஐயோ, ஆர் உங்களுக்கு இது கான்சர் எண்டது? கர்ப்பப்பைக்குள்ள இருக்கிற தோல் மாதிரி ஒண்டு வெளியில வளருது. முட்டை வளருற சூலகத்திலயும் குடலிலயும் போய் ஒட்டுது. எவ்வளவு இடத்துக்குப் பரவி ஒட்டியிருக்கு எண்டதுதான் ஸ்டேஜ். சாவுக்கு நாள் குறிக்கிறதில்லை. எவ்வளவு நோகும் எண்டும் அது சொல்லாது. ஒண்டிலயே துடிக்கிற ஆக்களும் இருக்கினம், நாலில நோவே இல்லாத ஆக்களும் இருக்கினம்."

நீ என் பக்கம் திரும்பி, "மதினி, என் ஆடு" என்றாய். அந்தக் கிளினிக்கே திரும்பிப் பார்க்கச் சிரித்தோம். டாக்டரம்மாவுக்கு நர்ஸ் சிங்களத்தில் சொன்னதும் அவரும் சிரித்தார்.

சிரிப்பு வீடு வரைதான் வந்தது. மாத்திரை, ஊசி போட்டு மாதவிலக்கை நிறுத்திப் பார்க்கலாம். ஒட்டியதைப் பிரித்து, வளர்ந்ததை வெட்டி எடுக்கலாம். கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம், அப்போதும் வலி மிச்சமிருக்கக்கூடும். மூன்றையும் சொல்லி, யோசித்து வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. உன் வீட்டுக்காரர், "எல்லாத்தையும் எடுத்துட்டா தொல்ல விட்டுச்சு" என்றார். மாமியார், "பைய தொட்டா இந்த வீட்டுல வாரிசு ஏது?" என்று, தீக்குளிப்பதாக மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக் காட்டினாள். நான் மாத்திரை என்றேன். கத்தி எனக்குப் பயம்.

எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு நீ சொன்னாய்: "தேயிலைக்குக் கவாத்து வெட்டுறோம். வெட்டுனா திரும்பத் தளுக்கத்தான் செய்யும். அதுக்காக வெட்டாமலா விடுறோம்? ஒட்டுனதப் பிரிச்சு விடட்டும். பை இருக்கட்டும். புள்ள வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். வலி இல்லாத நாலு வருசம் எனக்கு வேணும். நம்பரு டாக்டருக்கு, வலி எனக்கு." மாமியாரை எதிர்த்து அன்றுதான் முதல் தடவை வாய் திறந்தாய்.

நீ சொன்னபடியே ஆபரேஷன் செய்து பிரித்துவிட்டார்கள். பிள்ளை வரவில்லை. வலி போனது. கொழுந்துக் கூடையை நிரப்பிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் உன் தேயிலை நிரையை முடிப்பாய். மாரியம்மன் தேர் மலை ஏறினால் கூடவே ஏறுவாய். பிறகு கொஞ்சம் திரும்பி வந்தபோது, "தளுத்திருச்சு மதினி" என்று சிரித்துக்கொண்டே போய் மாத்திரை வாங்கினாய். அடுத்த கலவரத்துக்குப் பயந்து உன் வீட்டுக்காரர் உன்னையும் கூட்டிக்கொண்டு வடக்கே கிளிநொச்சியில் குடியேறியதும், செக் பொயின்ட் எல்லாம் தாண்டி உன் கடிதம் வரும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "பிள்ளைகளின் புதுப் போட்டோ போடவும்."

இப்போது பேத்திக்கு அதே வியாதி. ஸ்டேஜ் ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். அவள் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடக்கிறாள். அவளைப் பெற்ற என் மகளோ, "ஒன்னுதானம்மா, ஆரம்பந்தான். இதுக்குப் போயி ஸ்கூலுக்கு லீவா? டாக்டர் எழுதுனது குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையாம். கல்யாணமாகாத புள்ளைக்கு அத வாங்கிக் குடுத்தா ஊரு என்ன சொல்லும்?" என்கிறாள். நாம் நாலைக் கேட்டு அழுதோம். இவள் ஒன்றைக் கேட்டு அலட்சியம் செய்கிறாள்.

சுடச்சுட மூட்டையைப் பேத்தியின் வயிற்றில் வைத்துவிட்டு மகளிடம் சொன்னேன்: "ஒன் அலுமாரியில அத்தை சேலை இருக்கே, அது ஏன் வந்துச்சு தெரியுமா?" தான் பெரியவளானதற்கு நீ கொடுத்தாய் என்றே இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். முழுக்கதையும் சொன்னேன். ஆட்டுக்கு வந்ததும் பேத்தி வலியோடு சிரித்தாள்.

"அந்தப் பாட்டிக்கு நாலு, எனக்கு ஒன்னு. ரெண்டு பேருக்கும் ஒரே உப்பு மூட்டைதானா பாட்டி?"

"நம்பரு டாக்டருக்குடி. வலி எவ்வளவுன்னு நீ சொல்லு."

அவள் சொன்னாள். கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்துவதை, பிள்ளைகள் போனதும் வகுப்புத் தரையில் உட்கார்ந்துவிடுவதை எல்லாம் சொன்னாள். கேட்டுக்கொண்டே இருந்த மகள் எழுந்து போய் அந்தச் சேலையை எடுத்து வந்து அவள் மேல் போர்த்திவிட்டாள். "மாத்திரையப் போட்டுப் பாக்குறேன்மா. சரி வராட்டி அடுத்தத யோசிப்போம்" என்றாள் பேத்தி. மகள் சரி என்று தலையாட்டினாள். நேற்று இரவு, முதல் மாத்திரைக்குத் தண்ணீரை மகளே கொண்டுபோய்க் கொடுத்தாள். மாத்திரை கேட்குமா, தெரியாது. தளுத்தாலும் பயப்பட மாட்டோம்.

இதுவரை எழுதிவிட்டு உன் படங்களை எடுத்துப் பார்த்தேன். என் கல்யாணத்தில், கோயிலில், அடையாள அட்டைக்கு எடுத்த நாளில், எல்லாவற்றிலும் ஒரு கை வயிற்றில். நீ நன்றாக இருந்த வருடங்களில் உன்னை யாரும் படம் எடுக்கவில்லை. எத்தனை முறை என்னிடம் கேட்டிருப்பாய், இந்த முறை நான் கேட்கிறேன். இரண்டு கையையும் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்று எடுத்தது ஏதாவது இருந்தால், ஒரு புதுப் போட்டோ போடு.